கூஜாவில் இருந்தது பால்தான்

முப்பத்தொரு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். புத்தகத்தில் ஒரு பிழை இருந்தால் "யார் புரூஃப் பார்த்தது?" என்று கேட்பார்கள். ஒன்றுகூட இல்லாவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அடுத்தவர் எழுதியதைத் துடைத்துத் துடைத்தே எனக்கு ஐம்பத்தேழு வயதாகிவிட்டது. நான் எழுதிய பதினோரு கதைகளும் 'வருந்துகிறோம்' சீட்டோடு திரும்பி வந்து மந்தைவெளியில் என் வீட்டுப் பீரோவில் கிடக்கின்றன. வருந்தியவர்களில் பாதிப் பேரின் தலையங்கத்தில் சந்திப்பிழை திருத்தியவள் நான்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், லஸ் பக்கம் பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் விற்கும் அக்பர் பாஷா என்னைக் கூப்பிட்டார். மூடிப்போன ஒரு வாடகை நூலகத்திலிருந்து மூட்டை வந்திருந்தது.

"சந்திரிகாம்மா, இத்தப் பாருங்க. பொம்பள எழுதுன துப்பறியும் நாவலு. ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்தாறு. கடைசில கொஞ்சம் பக்கம் கிழிஞ்சி கீது, அதனால உங்களுக்கு நூறு ரூபா" என்றார்.

'வெள்ளிக் கூஜா. இயற்றியவர்: ஸ்ரீமதி அங்காளம்மாள், நர்ஸ்.' புத்தகம் செல்லரித்துப் போயிருந்தது. முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே பென்சிலில் யாரோ கிறுக்கியிருந்தார்கள்: 'கொன்றது மாமியார்தான். படிக்காதே, வீண்.'

வாடகை நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தவர்களுக்கு இந்தக் குசும்பு தெரியும். துப்பறியும் நாவலை முதலில் படித்து முடிக்கும் புண்ணியவான், பின்னால் வருகிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதற்காகவே முதல் பக்கத்தில் கொலைகாரன் பெயரை எழுதி வைப்பான். சில பேர் அதற்கும் மேலே போய் வேண்டுமென்றே தப்பான பெயரை எழுதுவார்கள். என் அண்ணன் அந்த இரண்டாவது ரகம். பதினைந்து வயதில் அவன் கையெழுத்தை நம்பி நான் எத்தனையோ அப்பாவி டிரைவர்களைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். ஆகவே அந்தக் கிறுக்கலை நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

அன்று மத்தியானமே பதினோரு அத்தியாயத்தையும் படித்து முடித்தேன். கதை சொல்வது ஒரு நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறவள். மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீட்டில் அவள் பிரசவம் பார்த்த மருமகள், பிள்ளை பெற்ற எட்டாம் நாள் இறந்துபோகிறாள். கடைசியாகக் குடித்தது மாமியார் வெள்ளிக் கூஜாவில் கொண்டுவந்து கொடுத்த பால். மறுநாள் அந்தக் கூஜாவைக் காணோம். போலீஸ்காரனால் அந்த வீட்டின் ரேழியைத் தாண்ட முடியவில்லை. நர்ஸ் சமையலறை வரைக்கும் போவாள், பிள்ளை பெற்ற அறைக்குள்ளும் போவாள். அவளிடம் எல்லாப் பெண்களும் எல்லாவற்றையும் சொல்வார்கள். துப்பறிய அவளைவிட வேறு யார் வேண்டும்? அந்தக் காலத்தில் இப்படி ஒருத்தி யோசித்திருக்கிறாளே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான்.

நான் வேலை பார்க்கும் பதிப்பகத்தின் முதலாளி சுரேஷ்குமாரிடம் கொண்டுபோனேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். அண்ணன்மார் ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்க, இவன் ஒருவன் மட்டும் புத்தகப் பித்துப் பிடித்து பாண்டி பஜாருக்குப் பின்னால் பதிப்பகம் நடத்துகிறான். படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தான்.

"யக்கா, தங்கச் சுரங்கம்லா இது! ஆனா கடைசி இல்லாம எப்படிக்கா விக்கிறது? நீங்களே ஒரு அத்தியாயம் எழுதிச் சேத்திருங்க. மாமியார்னுதான் முத பக்கத்துலயே போட்டிருக்கே."

"கடைசி அத்தியாயம் கிடைக்கலை, வேற ஆள் எழுதினதுன்னு முன்னுரைல போடணும் சுரேஷ்."

"போட்ருவோம்க்கா. அது கெடக்கு."

நாலு நாள் லீவு போட்டு எழுதினேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை. மாமியாரைப் பேச வைத்தேன். "இந்த வீடு முப்பது வருஷமாய் என்னைக் கொன்றது. நான் ஒரே ஒரு தடவைதான் கொன்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் போலீஸ் வண்டியில் ஏறுகிறாள். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

மற்ற பதினோரு அத்தியாயங்களையும் சுத்தம் செய்தேன். பழைய காலத்து எழுத்து, வளவளவென்று இருந்தது. 'என் கைகளைப் பார்த்துக்கொண்டேன்' என்று அந்த நர்ஸ் அடிக்கடி சொல்லிக்கொண்டே இருந்தாள். எண்ணிப் பார்த்தேன், எட்டு இடம். கூறியது கூறல் குற்றம் என்று ஆறை அடித்தேன். இரண்டாம் அத்தியாயத்தில், அவள் வக்கீல் வீட்டுக்கு ஓடிவரும் அவசரத்தில், 'லைசால் புட்டி பெட்டிக்குள்ளேயே இருந்தது' என்று சம்பந்தமில்லாமல் ஒரு வரி வந்தது. கை கழுவும் மருந்துப் புட்டி எங்கே இருந்தால் நமக்கென்ன என்று அதையும் அடித்தேன்.

கடைசிப் புரூஃப் வந்தபோது முன்னுரையில் அந்த ஒரு வரி இல்லை. சுரேஷ்குமார் மறந்திருப்பான். அவன் மறந்ததைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கண்டுபிடித்தேன். வாயைத் திறக்கவில்லை. என் எழுத்து அவள் எழுத்தோடு நின்று தாக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடலாம், அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தாக்குப் பிடித்தது. மயிலாப்பூரில் ஒரு சபா அரங்கில் வெளியீடு. பேராசிரியர் சீதா தலைமை. அந்த அம்மாள் பேசியதில் பாதி கடைசி அத்தியாயத்தைப் பற்றித்தான். "முப்பது வருஷமாய் என்னைக் கொன்றது" என்ற வரியைக் குரல் நடுங்க வாசித்தார். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. நான் ஏழாவது வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். "ஒரு சாதாரண நர்ஸ் இதை எழுதியிருக்க முடியுமா என்பது சந்தேகமே. அங்காளம்மாள் என்பது ஏதோ ஒரு மெத்தப் படித்த பெண்மணியின் புனைபெயராக இருக்கலாம்" என்றும் அவர் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுநிமிஷம், மெத்தப் படித்த பெண்மணி என்று என்னைத்தானே சொல்கிறார் என்று தோன்றி, அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை.

மூன்று பதிப்பு போயிற்று. இரண்டு கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள். பதிப்புக்குப் பதிப்பு அந்த முன்னுரை வரியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. 'ஆசிரியரின் வாரிசுகள் பற்றித் தகவல் கிடைக்கவில்லை' என்று மட்டும் ஒரு வரி தவறாமல் இருந்தது. தேடியிருந்தால்தானே கிடைப்பதற்கு.

வாரிசு தானாகவே வந்தது. இந்த ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். தள்ளுபடிக் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று சுரேஷ்குமார் அண்ணன் கடைக்குப் போயிருந்தான். அலுவலகத்தில் நான் ஒருத்திதான். கெட்டியான உடம்பும், மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தியுமாக ஒரு வயதான அம்மாள், செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை.

"இந்த கூஜா புக்கு போட்டது இங்கதானே?"

"ஆமாம்மா. உட்காருங்க."

"எம் பேரு முத்துமாரி. ஊரூர் குப்பம். மீன் வியாபாரம். எழுவத்தி நாலு வயசு ஆவுது, இன்னும் கூடை தூக்கறேன். அங்காளம்மா எங்கம்மா."

நான் எழுந்து நின்றேன். எதற்கென்று தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"எங்கம்மா பேரு பேப்பர்ல வந்திச்சின்னு என் மருமவதான் இந்த புக்க வாங்கியாந்திச்சி. தெனம் சோறு துன்னப்பறம் எனக்குப் படிச்சிக் காட்டும். எல்லாம் கரீட்டாத்தான் வந்துக்கினு இருந்திச்சி. கடைசில பாத்தா மாமியாக்காரிதான் கொன்னான்னு வருது. மருமவ என்னெ ஒரு மாதிரியா பாத்து சிரிக்கிது" என்று அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எங்கம்மா அப்டி எழுதலியேம்மா."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பழைய பள்ளிக்கூட நோட்டு, எண்ணெய்க் கறை, மூலையெல்லாம் மடங்கிப்போனது.

"அச்சடிச்ச புக்கு ஒண்ணு வூட்ல இருந்திச்சி. எனக்கு அவ்ளோ படிக்க வராது, அத்த ஒரு நாளும் படிச்சதில்ல. சுனாமித் தண்ணில ஊறி கூழாப் பூடுச்சி. இது பரண்ல இருந்ததால தப்பிச்சிது. அம்மா கையால எழுதுனது. கடைசிப் பாகம் மட்டும்."

வாங்கிப் பிரித்தேன். நீல மசி, நெருக்கமான கையெழுத்து. பன்னிரண்டாம் அத்தியாயம்.

'கூஜாவில் இருந்தது பால்தான். அதில் விஷம் யாதொன்றும் இல்லை. பாத்திரம் தேய்ப்பவள் கூஜாவை எடுத்துப் போனது அவள் தரித்திரத்தினால்; அதற்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை. இந்தச் சரித்திரத்தில் எட்டு இடங்களில் என் கைகளைப் பார்த்துக்கொண்டதாக எழுதியிருக்கிறேன். வாசகர்களே, ஏனென்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? நீங்கள் எல்லோரும் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.'

எட்டு என்ற எழுத்து என் கண்ணில் குத்தியது. மேலே படித்தேன்.

'அன்று காலையில் வேறொரு வீட்டில் பிரசவ ஜுரத்தில் கிடந்த ஸ்திரீயைத் தொட்ட கை. வக்கீல் வீட்டு வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். லைசால் புட்டி பெட்டிக்குள்ளேயே இருந்தது. கை கழுவாமல் அந்தப் பெண்ணைத் தொட்டேன். ஜுரம் என்னோடு வண்டியேறி வந்தது. பால் காய்ச்சிக் கொடுத்தவளை ஊரார் கொலைகாரி என்றார்கள். நான் வீடு வீடாகப் போய் விசாரித்தேன். விசாரிக்க வேண்டிய ஆள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.'

துப்பறிகிறவளே குற்றவாளி. அதுவும் கெட்ட எண்ணத்தினால் அல்ல, கால் நிமிஷ அவசரத்தினால். என்னுடைய போலீஸ் வண்டியும் வசனமும் இதன் பக்கத்தில் நாடகக் கொட்டகைச் சமாசாரம். இந்த அம்மாள் பதினோரு அத்தியாயத்திலும் தடயத்தை வாசகன் மூக்குக்கு நேராக வைத்திருக்கிறாள். நான் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அடித்திருக்கிறேன். கொலைகாரனே சம்பளம் கொடுத்து வைத்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாகத் தடயத்தை அழித்திருக்க முடியாது.

"படிச்சிட்டியா?" என்றார் முத்துமாரி. "அது கதை இல்லம்மா. நடந்தது. அந்தப் பொண்ணு செத்தப்பறம் எங்கம்மா நர்ஸு வேலைய வுட்டுட்டா. குப்பத்துக்கே திரும்பி வந்து மீன் கூடை தூக்குனா. அந்த மாமியாக்காரம்மாவ தெருவே கொலகாரின்னு சொல்லிச்சாம். கோயிலுக்குப் போனா ஜனம் நவுந்து நிக்குமாம். அந்தப் பழிய எறக்கறதுக்குத்தான் எங்கம்மா இத்த எழுதுனா. அச்சானதும் மொத புக்க எடுத்துக்கினு போய் அந்தம்மா வாசல்ல வெச்சி, கால்ல வுழுந்து எழுந்தாளாம். அவங்க ஒரு வார்த்தை பேசலியாம். ஆனா உள்ள கூப்ட்டு ஒரு டம்ளர் பால் குடுத்தாங்களாம். இத்த சொல்லும்போதெல்லாம் எங்கம்மா அழுவா. சாவற வரிக்கும் அழுதா."

பென்சில் கிறுக்கல் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது என் அண்ணன் ரகக் குசும்பு இல்லை. தெரு பேசிய பேச்சு. கடைசிப் பக்கங்களைக் கிழித்ததும் அதே கைதானோ என்னவோ. ஒரு பெண் தன் மானத்தை விற்று இறக்கி வைத்த பழியை, தொண்ணூறு வருடம் கழித்து நான் அச்சுக் கோத்து, அட்டை போட்டு, கல்லூரிப் பாடமாகத் திரும்ப ஏற்றியிருக்கிறேன்.

"இந்த நோட்டுல கீறத சேத்து அடிச்சிக் குடும்மா. துட்டு கிட்டு ஒண்ணும் வேணாம். எங்கம்மா சொன்னது சொன்னபடி இருந்தாப் போதும்."

இவ்வளவுதான் அவர் கேட்டது. "சரிம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. சுரேஷ்குமார் மேல் பழியைப் போடலாம் என்று பிறகு எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை. அவனிடம் கொடுத்திருந்தால் அட்டையில் 'அசல் முடிவுடன்' என்று சிவப்பு எழுத்தில் போட்டு இரண்டு பங்கு விற்றிருப்பான். தடுக்க ஆளே கிடையாது. நான் ஒருத்திதான்.

அந்த அரை நிமிஷத்தில் எனக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்கப்போவதில்லை. சபா அரங்கில் எழுந்து நின்ற கூட்டம் ஓடியது. அந்தக் கைதட்டல் என் ஆயுளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல். இந்த நோட்டு அச்சேறினால் என் அத்தியாயம் குப்பைக்குப் போகும். போவதற்கு முன்னால் எந்த முட்டாள் இதை எழுதியது என்று ஊர் கேட்கும். தடயங்களை அடித்தது யார் என்றும் கேட்கும். யார் புரூஃப் பார்த்தது?

"அம்மா, இது உங்கம்மா முதல்ல எழுதிப் பார்த்ததா இருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "எழுத்தாளருங்க அப்படித்தான், ரெண்டு மூணு விதமா எழுதிப் பார்ப்பாங்க. அச்சானது வேற. பழைய புத்தகத்துல இருந்ததைத்தான் நாங்க அப்படியே போட்டிருக்கோம்."

அவர் என்னையே பார்த்தார்.

"அச்சுல எங்கம்மா அந்த மாமியாக்காரி பேரத்தான் போட்டாளா?"

"ஆமாம்."

"நீ பாத்தியா, பழைய புக்குல?"

மேசை இழுப்பறையைத் திறந்தேன். செல்லரித்த அந்தப் பிரதியை எடுத்து, கடைசிப் பக்கத்தைக் காட்டாமல், முதல் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அந்தப் பென்சில் வரியின் மேல் விரலை வைத்தேன். எழுத்துக் கூட்டி மெல்ல வாசித்தார். "கொன்றது... மாமியார்தான்."

"அந்தக் காலத்துல படிச்சவங்க யாரோ எழுதினது" என்றேன். இது ஒன்றுதான் அன்று நான் சொன்ன உண்மை.

முத்துமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே யாரோ ஒலிபெருக்கியில் ஐம்பது சதவீதம் தள்ளுபடி என்று கத்திக்கொண்டு போனார்கள்.

"அப்ப அந்தம்மா வாசல்ல போய் கால்ல வுழுந்தேன்னு சொன்னதும் பொய்யி. பால் குடுத்தாங்கன்னதும் பொய்யி. தப்ப தான் செஞ்சிட்டு, ஊருக்கு அந்தம்மாவ காட்டிக் குடுத்துட்டு, வூட்ல வந்து எங்கிட்ட மட்டும் நல்லவளாட்டம் அழுதுக்கினு இருந்தாளா?"

இல்லை என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது.

"நீ படிச்சவ. நீ சொன்னா கரீட்டாத்தாம்மா இருக்கும்." அவர் எழுந்தார். நோட்டைத் திருப்பி நீட்டினேன். கையால் தள்ளிவிட்டார். "நீயே வெச்சிக்க. அம்பது வருசமா சாமி படம் மாரி வெச்சிருந்தேன். இனிமே வூட்ல வெச்சா அவ மூஞ்சிதான் ஞாபகம் வரும்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது கால் தடுமாறியது. பிடிக்கப் போனேன். அவர் தாமாகவே சுவரைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கிப் போனார்.

நான் அடாவடிக்காரி, வாய்த் துடுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் நல்லவள் என்று நினைத்திருந்தேன். ஏமாற்றுகிறவர்கள் எல்லாம் மேடையில் இருப்பவர்கள், ஏமாறுகிறவர்கள் எல்லாம் ஏழாவது வரிசையில் இருப்பவர்கள் என்று நினைத்திருந்தேன். அங்காளம்மாள் ஒரு பெண்ணைத் தெரியாமல் கொன்றாள், தெரிந்ததும் ஊரறிய எழுதிவைத்தாள். நான் அந்த அங்காளம்மாளைத் தெரிந்தே, அவள் பெற்ற மகள் நெஞ்சுக்குள் வைத்துக் கொன்றிருக்கிறேன்.

நோட்டு என் பீரோவில், என் பதினோரு கதைகளுக்கு அடியில் இருக்கிறது. ஊரூர் குப்பத்துக்கு இரண்டு தடவை கிளம்பினேன். ஒரு தடவை பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், மீன் விற்கும் வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தேன்.

நேற்று நாலாம் பதிப்புப் புரூஃப் வந்தது. ஒத்துப் பார்ப்பதற்காகப் பழைய பிரதியை எடுத்தேன். முதல் பக்கம். பென்சிலை எடுத்து அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: 'இல்லை. கொன்றது சந்திரிகா.' என் கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

"யக்கா, புரூஃப் முடிஞ்சுதா? பிரஸ்ல கேக்கான்" என்று உள்ளேயிருந்து சுரேஷ்குமார் குரல் கொடுத்தான்.

ரப்பரை எடுத்து நான் எழுதிய வரியை மட்டும் சுத்தமாக அழித்தேன். மேலே இருந்த வரியைத் தொடவில்லை. பிறகு புரூஃபின் கடைசிப் பக்கத்தில், 'பிழை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.